மீண்டும் மலையேறும் கால்கள்

நுழையும்முன்

விளையாட்டு வீரர் ஒருவர் முதலாவதாக இலக்கை அடைந்த நொடியைச் செய்தித்தாள்கள் படம்பிடிக்கின்றன. அவர் காயமுற்று வீட்டில் இருந்த நாள்களை எவரும் படம்பிடிப்பதில்லை. அந்நாள்களில் அவர் எடுத்த முடிவுகளே பிற்கால வெற்றிக்கு அடித்தளமாகின்றன. மலைப்பாதை ஓட்டம் என்னும் கடினமான விளையாட்டை முன்வைத்து, காயத்திலிருந்து மீண்டு வருதல் பற்றிய கருத்துகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

திடலும் மலையும்

விளையாட்டுத் திடலில் ஓடுபவர் தரையைப் பற்றிக் கவலைகொள்வதில்லை. நானூறு மீட்டர் ஓடுதளத்தின் எந்தப் பகுதியில் கால் வைத்தாலும் தரை ஒரே தன்மையுடன் அவரைத் தாங்குகிறது. மலைப்பாதை அத்தகையது அன்று. ஓரடி பாறைமேல் விழும். அடுத்த அடி ஈரப்புல்லில் விழும். அதற்கடுத்தது உருளும் சரளைக் கற்களின்மேல் விழும். வேர்களும் ஓடைகளும் பனித்திட்டுகளும் குறுக்கிடும். ஏறும்போது மூச்சும், இறங்கும்போது முழங்காலும் சோதனைக்கு உள்ளாகும். ஒவ்வோர் அடியையும் எங்கே வைப்பது என்று கணப்பொழுதில் முடிவெடுத்துக்கொண்டே ஓடுவதுதான் மலைப்பாதை ஓட்டம்.

இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரி மாவட்டம் என்னும் மலைப்பகுதி உள்ளது. ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் பிறந்து வாழ்ந்த நிலப்பரப்பும் அதுவே. அங்குள்ள சிற்றூர்களில், அருகிலுள்ள குன்றின் உச்சியைத் தொட்டுத் திரும்பும் ஓட்டப்போட்டிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நடைபெற்று வந்தன. ஊர்த்திருவிழாவின் ஒரு பகுதியாக இருந்த அவ்வோட்டம் இன்று உலகின் பல மலைத்தொடர்களுக்கும் பரவியுள்ளது. பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் வழியாக மோன் பிளாங்க் மலைத்தொகுதியைச் சுற்றிவரும் ஓட்டம் 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் தொலைவு ஏறத்தாழ 170 கிலோமீட்டர் ஆகும். ஏறவேண்டிய ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 10,000 மீட்டர் உயரம் வரும்.

இத்தகைய விளையாட்டில் காயம் நேர்வது இயல்பு. கணுக்கால் பிசகும், முழங்கால் வீங்கும், சில வேளைகளில் எலும்பே முறியும். காயமுற்றவர் எப்போது, எவ்வாறு மீண்டும் மலைக்குத் திரும்புவது என்பதே இங்கு எழும் வினா. இதற்கு இருவகையான தவறான விடைகள் வழங்கிவருகின்றன. 'வலியைப் பொருட்படுத்தாமல் ஓடு. அதுவே வீரம்' என்பது ஒன்று. 'ஒருமுறை முறிந்த கால் முறிந்ததுதான். இனி ஓட்டத்தை மறந்துவிடு' என்பது மற்றொன்று. முதலாவது அவசரத்திலிருந்தும், இரண்டாவது அச்சத்திலிருந்தும் பிறக்கின்றன. இரண்டுமே உடல் ஆறும் முறையை அறியாமல் கூறப்படுபவை.

உடலுக்குள் ஓடும் வெவ்வேறு கடிகாரங்கள்

எலும்பு முறிந்த இடத்தில் முதலில் குருதி உறைகிறது. சில வாரங்களில் அவ்விடத்தைச் சுற்றி மென்மையான இணைப்புத்திசு உருவாகி, முறிந்த முனைகளைப் பாலம்போல் பிணைக்கிறது. பின்னர் அப்பாலம் கெட்டியான எலும்பாக மாறுகிறது. பொதுவாக இதற்கு 6 முதல் 12 வாரங்கள் தேவைப்படுகின்றன. பணி அத்துடன் முடிவதில்லை. அவசரத்தில் கட்டப்பட்ட அவ்வெலும்பைச் செதுக்கிச் சீர்செய்யும் வேலை மேலும் பல மாதங்களுக்குத் தொடர்கிறது.

தசையை எலும்புடன் பிணைக்கும் தசைநாண்களும், எலும்பை எலும்புடன் பிணைக்கும் மூட்டுநார்களும் இன்னும் மெதுவாக ஆறக்கூடியவை. தசையோடு ஒப்பிடும்போது அவற்றுக்குச் செல்லும் குருதியோட்டம் குறைவு என்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் இதயமும் நுரையீரலும் தம் பழைய திறனைச் சில வாரப் பயிற்சியிலேயே பெருமளவு மீட்டுக்கொள்கின்றன. தசைகளும் ஓரளவு விரைவாக வலுப்பெறுகின்றன.

சிக்கல் தோன்றும் இடம் இதுவே. ஒரே உடலுக்குள் பல கடிகாரங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன. மூச்சு வாங்குவது குறைந்ததும் 'பழைய நிலைக்கு வந்துவிட்டேன்' என்று ஓட்டக்காரரின் மனம் முடிவுசெய்கிறது. தசைநாணும் எலும்பும் அந்நிலையை இன்னும் எட்டியிருப்பதில்லை. வேகமாக ஓடும் கடிகாரத்தைப் பார்த்து மணியைக் கணித்தவர், மெதுவாக ஓடும் கடிகாரத்தால் தண்டிக்கப்படுகிறார். மீண்டு வந்த சில வாரங்களிலேயே பலர் மறுபடியும் காயமுறுவதற்கு மனவலிமைக் குறைவு காரணமன்று. மனவலிமை உடலின் ஆற்றலை முந்திச் சென்றதே காரணம்.

கால் இழந்த அறிவு

காயம் உடலின் உறுதியை மட்டும் குறைப்பதில்லை; அதன் அறிவையும் குறைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டாலும் தன் கை எங்கே இருக்கிறது, கால் எந்தக் கோணத்தில் மடங்கியிருக்கிறது என்பதை மனிதர் உணர இயலும். தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள் இடையறாது மூளைக்குச் செய்தி அனுப்புவதால் இது நிகழ்கிறது. கணுக்கால் பிசகும்போது மூட்டுநார் மட்டும் கிழிவதில்லை. இச்செய்திப் போக்குவரத்தும் பழுதாகிறது. வீக்கம் வடிந்து, வலி நீங்கிய பின்னரும் அப்பழுது எஞ்சியிருக்கலாம். ஒருமுறை பிசகிய கணுக்கால் மீண்டும் பிசகும் வாய்ப்பு மிகுதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சமதளத்தில் நடப்பவருக்கு இக்குறை புலப்படுவதில்லை. மலைப்பாதையில் கல் உருளும் அந்த நொடியில்தான் அது வெளிப்படும். எனவேதான் இயன்முறை மருத்துவர்கள் ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியைத் தருகின்றனர். முதலில் கண்ணைத் திறந்துகொண்டும், பின்னர் மூடிக்கொண்டும், அதன்பின் மெத்தைபோன்ற அசையும் பரப்பின்மீதும் அப்பயிற்சி தொடர்கிறது. மலைச்சிகரங்களை ஓடிக் கடந்தவருக்கு, அறையின் மூலையில் ஒற்றைக்காலில் நிற்பது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். உண்மையில் அவருடைய அடுத்த சிகரத்தின் முதற்படி அதுவே.

இறக்கத்தில் ஓடுவதற்கும் தனிக் கவனம் தேவை. ஏற்றத்தில் தொடையின் முன்புறத் தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறக்கத்தில் அதே தசை நீண்டுகொண்டே, கீழே பாயும் உடலின் எடையைத் தடுத்து நிறுத்த வேண்டியுள்ளது. நீளும் நிலையில் பாரம் தாங்கும் தசையில் நுண்ணிய சிதைவுகள் மிகுதியாக ஏற்படும். பழக்கமில்லாதவர் மலையிறங்கிய இரண்டாம் நாள் படிக்கட்டில் இறங்க முடியாமல் துன்புறுவது இதனால்தான். எனினும் சிறிதளவு இறக்கத்தைப் பழகிய தசை, அடுத்தமுறை அதே அளவைக் குறைந்த நோவுடன் தாங்குகிறது. கொடுத்த பாடத்தைத் தசை நினைவில் வைத்துக்கொள்கிறது. பாடத்தைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் நெறி.

எதைப் போற்றுகிறது உலகம்?

ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாப் பகுதியைச் சேர்ந்த கிலியன் ஜோர்னெட், மலைப்பாதை ஓட்டத்தில் உலகப் புகழ்பெற்றவர். 1987இல் பிறந்த இவர், பிரனீசு மலைத்தொடரில் ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் தம் தந்தையார் பொறுப்பிலிருந்த மலைவிடுதியில் வளர்ந்தவர். 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடைபெற்ற ஹார்டுராக் ஓட்டத்தில் இவர் கலந்துகொண்டார். 160 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அவ்வோட்டத்தில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கடந்த நிலையில், பனிச்சரிவில் வழுக்கி விழுந்தார். தோள்மூட்டு விலகியது. அதைத் தாமே பொருத்திக்கொண்டு, கையைத் தூளியில் கட்டியபடி எஞ்சிய தொலைவையும் ஓடி முதலிடம் பெற்றார்.

இந்நிகழ்ச்சி உலகெங்கும் வியப்புடன் பேசப்பட்டது. வியப்பதில் தவறில்லை. ஆனால் கதையின் பிற்பகுதி அதே அளவு பேசப்படவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில் அவர் தோள்களுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஓட்டத்தையும் மலையேற்றத்தையும் தள்ளிவைத்தார். தூளி கட்டிய கையுடன் அவர் ஓடிய ஒருநாள் இளைஞர் பலருக்குத் தெரியும். ஓடாமல் இருந்த பல நாள்களை அறிந்தவர் சிலரே.

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இதே போக்கைக் காணலாம். காலில் வலியுடன் மாவட்டப் போட்டியில் ஓடிய மாணவரைக் கைதட்டிப் பாராட்டுவர். 'என் முழங்கால் இன்னும் ஆறவில்லை. இம்முறை ஓட இயலாது' என்று கூறும் மாணவரையோ கோழை என எண்ணுவர். இதனால் மாணவர் காயத்தை மறைக்கக் கற்றுக்கொள்கின்றனர். அணியில் இடம் போய்விடுமே என்ற அச்சம், ஆசிரியர் என்ன நினைப்பாரோ என்ற தயக்கம், பெற்றோரின் எதிர்பார்ப்பு ஆகியன வலியைவிடப் பெரியவையாகிவிடுகின்றன. சில வாரங்களில் ஆறியிருக்க வேண்டிய காயம் பல ஆண்டுகளுக்கு நீடிக்கிறது. விளையாட்டை விட்டே விலகும் நிலையும் சிலருக்கு நேர்கிறது. பாராட்டின் திசை மாறும்வரை இந்நிலை மாறாது.

மார்ச்சும் ஜூலையும்

2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கிலியன் மீண்டும் காயமுற்றார். பிரான்சில் நடைபெற்ற பனிச்சறுக்கு மலையேற்றப் போட்டி ஒன்றில், கீழ்க்காலின் வெளிப்புறத்திலுள்ள ஃபிபுலா எலும்பு முறிந்தது. அதே ஆண்டு ஜூலை 8ஆம் நாள், இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பாப் கிரகாம் சுற்று என்னும் கடும் ஓட்டத்தை 12 மணி 52 நிமிடங்களில் அவர் நிறைவு செய்தார். பில்லி பிளாண்ட் என்னும் உள்ளூர் ஓட்டக்காரர் 1982இல் 13 மணி 53 நிமிடங்களில் ஓடி நிலைநாட்டிய சாதனை, 36 ஆண்டுகளுக்குப் பின்னர் அன்று முறியடிக்கப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

பாப் கிரகாம், ஏரி மாவட்டத்தின் கெஸ்விக் நகரில் விருந்தினர் இல்லம் நடத்தியவர். 1932ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 42 சிகரங்களை 24 மணி நேரத்திற்குள் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்தையே அடைந்தார். கெஸ்விக் நகரின் மூட் ஹால் கட்டடத்தின் வாயிலில் தொடங்கி அங்கேயே முடியும் இச்சுற்றின் தொலைவு ஏறத்தாழ 106 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் ஏறத்தாழ 8,200 மீட்டர். இதனை இரண்டாமவர் ஒருவர் 24 மணி நேரத்திற்குள் முடிப்பதற்கு 28 ஆண்டுகள் ஆயின.

மார்ச் மாதத்தில் எலும்பு முறிவு. ஜூலை மாதத்தில் சாதனை. இவ்விரண்டையும் மட்டும் அடுத்தடுத்து எழுதினால், நான்கு மாதங்களில் எவரும் இவ்வாறு மீளலாம் என்ற மயக்கம் உண்டாகும். அம்மயக்கம் ஆபத்தானது. இளமை முதல் மலையிலேயே வளர்ந்த உடல் அவருடையது. பல்லாண்டுக் கடும்பயிற்சியில் அவருடைய எலும்பும் தசைநாணும் உரமேறியவை. விளையாட்டையே தொழிலாகக் கொண்டிருந்ததால் ஒரு நாளின் முழுப்பொழுதையும் உடலைத் தேற்றுவதற்குச் செலவிட அவரால் இயலும். இவற்றுள் எதுவும் இல்லாத ஒருவர் அவருடைய நாள்காட்டியை மட்டும் கடன்வாங்கினால் இழப்பே மிஞ்சும்.

அவரிடமிருந்து பெறத்தக்கது வேறொன்று உண்டு. முறிவு நேர்ந்ததும் 'எல்லாம் முடிந்தது' என்று அவர் கருதவில்லை. எலும்பு ஆறுவதற்குரிய காலத்தை மனத்திண்மையால் குறைத்துவிடலாம் என்பதற்கும் அவருடைய மீட்சி சான்றாகாது. முறிந்த எலும்பு கூடுவதற்கு வேண்டிய வாரங்கள் அந்நான்கு மாதங்களுக்குள் அடங்கியே இருந்தன. இயற்கையின் விதிக்கு உட்பட்டே அவர் மீண்டார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மறுப்பவர் காட்டும் சான்று

'மருத்துவர் கூறியதைக் கேட்டிருந்தால் ஜாஸ் நெய்லர் சாதித்திருப்பாரா?' என்று சிலர் மறுத்துரைக்கலாம். அம்மறுப்பு ஆராயத்தக்கது. 1936இல் பிறந்து 2024இல் மறைந்த ஜாஸ் நெய்லர், ஏரி மாவட்டத்தின் வாஸ்டேல் பள்ளத்தாக்கில் ஆடு வளர்த்து வாழ்ந்த வேளாண் குடிமகன். சிறுவயதிலேயே முதுகில் காயமுற்றவர். இருபதாம் அகவையை ஒட்டிய ஆண்டுகளில் அவருடைய முழங்காலிலும் முதுகிலும் அறுவை சிகிச்சைகள் நடைபெற்றன. கட்டாயப் படைப்பணிக்கும் தகுதியற்றவர் என ஒதுக்கப்பட்டார். அத்தகையவர் 1975ஆம் ஆண்டு 72 சிகரங்களை 24 மணி நேரத்திற்குள் ஓடிக் கடந்தார். 1986இல், தம் ஐம்பதாம் அகவையில், வெயின்ரைட் என்பாரின் வழிகாட்டி நூல்களில் இடம்பெற்ற 214 குன்றுகளையும் ஏழு நாள்களும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமும் கொண்ட ஒரே தொடர் ஓட்டத்தில் கடந்தார். எழுபதாம் அகவையில் எழுபது சிகரங்களை ஓடிக் கடந்தார்.

நெய்லரின் வாழ்க்கை இரண்டாவது தவறான விடையை முற்றிலும் தகர்க்கிறது. காயம்பட்ட உடல் பயனற்ற உடல் என்பதை அவர் பொய்யாக்கினார். ஆனால் அவசரத்திற்கு அவர் வாழ்க்கை சான்றாகாது. அவர் தம் முதல் மலையோட்டப் போட்டியில் பங்கேற்றது 1960இல், 24ஆம் அகவையில்தான். ஆட்டுமந்தையைத் தேடி மலைச்சரிவுகளில் ஏறியிறங்குவது அவருடைய அன்றாடத் தொழில். மழையிலும் காற்றிலும் நடந்த அந்நடையே அவருடைய முதுகையும் முழங்காலையும் சிறிது சிறிதாகத் தேற்றிய பயிற்சி எனக் கொள்வது பொருந்தும். ஓட்டக்காரராவதற்கு முன்னர் அவர் நீண்டகாலம் நடப்பவராக இருந்தார்.

அக்கால மருத்துவத்திற்கும் இக்கால மருத்துவத்திற்கும் இடையிலான வேறுபாட்டையும் கருத வேண்டும். முதுகுவலி என்றாலே நீண்ட படுக்கை ஓய்வு என்பது முற்காலத்தில் பரவலான வழக்கம். இயன்றவரை இயங்குக என்பதே இன்று மருத்துவர் பலரின் அறிவுரை. எனவே இக்கால மாணவர் மருத்துவ அறிவுரையைப் புறக்கணிப்பதற்கு நெய்லரைத் துணைக்கழைக்க இயலாது. இன்றைய மருத்துவர் கூறுவது பெரும்பாலும் நெய்லர் தம் வாழ்வில் செய்ததையே.

ஓய்வின் எல்லை

காயத்திற்கு முழு ஓய்வே மருந்து என்னும் கருத்தும் மாறிவந்துள்ளது. அமெரிக்க விளையாட்டு மருத்துவர் கேப் மிர்கின், 1978இல் வெளியிட்ட நூலில் ஓய்வு, பனிக்கட்டி ஒத்தடம், இறுகக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கையும் காயத்திற்குரிய முதல் பராமரிப்பாக வகுத்தார். உலகெங்கும் பயிற்சியாளர்கள் அதனைப் பின்பற்றினர். பல ஆண்டுகளுக்குப் பின்னர், பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று மிர்கினே எழுதினார். புதிய சான்றுகள் கிடைத்தபோது தாம் உலகிற்கு அளித்த நெறியைத் தாமே திருத்திக்கொண்ட அவருடைய நேர்மை அறிவியலின் இயல்புக்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

எலும்பு தன்மேல் விழும் பாரத்திற்கு ஏற்பத் தன்னை உருவாக்கிக்கொள்கிறது என்று செருமானிய மருத்துவர் யூலியசு வோல்ஃப் 1892இலேயே எடுத்துரைத்தார். விண்வெளியில் எடையற்ற நிலையில் வாழும் வீரர்களுக்கு, உடலெடையைத் தாங்கும் எலும்புகளின் அடர்த்தி மாதத்திற்கு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது. பாரமே இல்லையெனில் எலும்பு மெலிகிறது; அளவுக்கு மிஞ்சிய பாரத்தில் முறிகிறது. இடைப்பட்ட அளவைக் கண்டறிந்து, அவ்வளவை நாள்தோறும் சிறிது உயர்த்துவதே மீட்சியின் கலை. அவசரக்காரர் இந்த அளவை மீறுகிறார். அச்சம் கொண்டவர் இந்த அளவைத் தொடுவதே இல்லை.

படிப்படியாக ஒரு பயணம்

மலைக்குத் திரும்பும் பயணத்திற்கு ஒரு முறை உண்டு. வலியின்றி நடக்க இயன்ற பின்னரே ஓடுதல் பற்றி எண்ண வேண்டும். முதலில் சமதளத்தில் சில நிமிடம் நடையும் சில நிமிடம் மெல்லோட்டமும் மாறிமாறி அமையலாம். மலையில் ஏற்றத்தை நடந்தே ஏறலாம். அது மூச்சுக்குப் பயிற்சி தந்து, மூட்டின் அதிர்ச்சியைக் குறைக்கும். அடுத்து, சீரான மண்பாதையில் ஓட்டம். அதன்பின் கல்லும் வேரும் நிறைந்த பாதை. வேகமான இறக்கம் இறுதியில் வரவேண்டும். தொலைவு, உயரம், வேகம் ஆகிய மூன்றையும் ஒரே வாரத்தில் உயர்த்துதல் கூடாது.

ஓடும்போது தோன்றும் உணர்வைவிட மறுநாள் காலையில் தோன்றும் உணர்வே நம்பத்தக்கது. எழுந்ததும் மூட்டு வீங்கியிருந்தாலோ, நடை சாய்ந்தாலோ, வலி முந்தைய நாளினும் கூடியிருந்தாலோ முந்தைய படிக்கு இறங்க வேண்டும். சிறிதளவு நோவு இருந்து, ஒரு நாளுக்குள் அது தணிந்துவிட்டால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. எது எந்த வகை என்பதில் ஐயம் எழுந்தால் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ நாடுதல் வேண்டும். ஒரு படி கீழிறங்குவதைத் தோல்வியாகக் கருதுபவர், விரைவிலேயே எல்லாப் படிகளிலிருந்தும் விழ நேரும். 'பதறாத காரியம் சிதறாது' என்னும் பழமொழி இதற்கு முழுமையாகப் பொருந்தும்.

தனியொருவரின் முடிவா?

'என் உடல், என் கால். நான் ஓடினால் பிறருக்கென்ன?' என்று ஒருவர் வினவலாம். நகரச் சாலையில் ஓடுபவர் அவ்வாறு கேட்பதில் ஓரளவு பொருள் இருக்கலாம். மலையில் அக்கேள்வி பொருளற்றது. ஏரி மாவட்டத்தில் ஓட்டக்காரர் ஒருவர் கால் முறிந்து மூடுபனியில் கிடந்தால், அவரைத் தேடிச் செல்பவர்கள் மலைமீட்புக் குழுவினர். கெஸ்விக், வாஸ்டேல் முதலிய இடங்களில் இயங்கும் அக்குழுவினர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். தத்தம் தொழிலை விட்டு, நள்ளிரவிலும் கடுங்குளிரிலும் தூக்குப்படுக்கையைச் சுமந்து அவர்கள் மலையேறுகின்றனர். வழுக்கும் பாறையில் அவர்களுடைய உயிரும் பணயமாகிறது.

எதிர்பாராமல் நேரும் விபத்திற்கு எவரையும் குறைகூற இயலாது. ஆனால் ஆறாத கால் என்று அறிந்தே உச்சிக்குச் செல்பவர், தம் துணிவுக்குரிய விலையில் ஒரு பங்கைப் பிறர் தோள்மீது ஏற்றிவைக்கிறார். மலைக்குச் செல்லும் உரிமையுடன் இப்பொறுப்பும் பிணைந்தே இருக்கிறது. அடிவாரத்திலிருந்து திரும்பிவிடுபவர் தம் காலை மட்டும் காப்பதில்லை. முன்பின் அறியாத சிலரின் இரவையும் காக்கிறார்.

மாற வேண்டியவை

காயமுற்ற மாணவரிடம் 'எப்போது ஓடப் போகிறாய்?' என்று கேட்பதே பள்ளிகளில் வழக்கமாக உள்ளது. 'இன்று எந்தப் படியில் இருக்கிறாய்?' என்று கேட்பதே பயனுடையது. முதல் வினா நாளைக் குறித்து நெருக்குகிறது. இரண்டாவது வினா நிலையை அறிய முற்படுகிறது. வலியை மறைக்காமல் கூறும் மாணவருக்கு அணியில் இடம் பறிபோகாது என்னும் உறுதியை உடற்கல்வி ஆசிரியர்கள் வழங்க வேண்டும். ஓடாத நாள்களிலும் அம்மாணவர் அணியினருடனேயே இருக்கலாம். நேரத்தைக் குறித்துக் கொடுத்தும், பாதையை அமைத்தும், தமக்குரிய பயிற்சிகளைச் செய்தும் அவர் அணியின் உறுப்பினராகத் தொடரலாம். தனிமைப்படுத்தப்படாத மாணவர் அவசரப்படுவதும் குறையும்.

பெற்றோரும் சிந்திக்க வேண்டும். காயத்தைக் காரணமாக்கிப் பிள்ளையின் விளையாட்டையே நிறுத்திவிடும் வீடுகள் பல. பொதுத்தேர்வு நெருங்கும் வகுப்புகளில் இது மிகுதி. ஆறக்கூடிய காயத்திற்காக ஆயுள் முழுவதும் பயன்தரும் பழக்கத்தைக் கைவிடச் செய்வது நியாயமாகாது. மகளின் கணுக்கால் பிசகினால் 'பெண்பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?' என்று கூறி முற்றுப்புள்ளி வைப்பது இன்னும் பெரிய அநீதியாகும். மீண்டு வரும் உரிமை அனைவருக்கும் பொதுவானது.

மாணவர் உணர வேண்டியது ஒன்றே. காயத்திற்கு முந்தைய உடல் அதே வடிவில் திரும்பி வராமல் போகலாம். பழைய நேரத்தைப் பழைய வேகத்தில் எட்ட இயலாமலும் போகலாம். ஆயினும் மீண்டு வந்தவரிடம் முன்பில்லாத ஒன்று இருக்கும். எந்த வலி எச்சரிக்கை, எந்த வலி வெறும் களைப்பு என்பதைப் பிரித்தறியும் தெளிவே அது. கல்லும் சரிவும் நிறைந்த பாதையில் அத்தெளிவு வேகத்தைவிடப் பெரிய துணை. நெய்லர் எழுபதாம் அகவையிலும் ஓடினார். ஒருநாள் போட்டியை விட்டுக்கொடுக்கத் தயங்காதவருக்கே அத்தகைய நீண்ட ஓட்டம் வாய்க்கும். மலை நாளையும் அங்கேயே இருக்கும். அதில் ஏறுவதற்குரிய கால்களைக் காத்து வைத்திருப்பதே ஓட்டக்காரரின் முதற்கடமை.